பாகம் பிரித்த வீட்டில் செல்லு

மண்வெட்டிச் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தபோது, மூத்தார் வீட்டு முன்சுவரை ஒட்டி இரண்டு ஆட்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய மண்ணைக் கூடையில் அள்ளி ஒற்றை மாட்டு வண்டியில் கொட்டினார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. அந்த மண் சாதாரண மண் இல்லை. அதில் மருந்து ஊறியிருந்தது.

மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். அவருக்கு திருச்சி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்ரீரங்கத்தில் வெளிப்பக்கத் தெரு ஒன்றில் இருந்த அந்த வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. அவர் காலமான மறுவருஷமே அண்ணன் தம்பி இருவரும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இடது பாதி அண்ணனுக்கு, வலது பாதி எங்களுக்கு. நடுக்கூடத்தில் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. கொத்தனார் அவசரத்தில் வைத்த சுவர். மேலே விட்டத்தைத் தொடாமல் ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அவர்கள் வீட்டுத் தாளிப்பு எங்களுக்கு வரும், எங்கள் வீட்டுக் குழந்தை அழுகை அவர்களுக்குப் போகும். அண்ணனும் தம்பியும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்டால் இருவரும் வேறு வேறு காரணம் சொல்வார்கள்.

சுவர் இரண்டாக்கியது கூடத்தைத்தான். முன்சுவர் ஒன்றுதான். மொட்டை மாடிக் கூரையைத் தாங்கிய பெரிய விட்டமும் ஒன்றுதான். அவர்கள் பக்கச் சுவரிலிருந்து எங்கள் பக்கச் சுவர்வரை ஒரே மரம்.

மருந்து மண்ணின் கதையைச் சொல்லாவிட்டால் என் பயம் யாருக்கும் புரியாது. லால்குடியிலிருந்து கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிது. ஐம்பதுகளின் முற்பாதி. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நிலைப்படிக்கு மஞ்சள் பூசச் சொன்னார்கள். குனிந்து நிலைக்காலில் மஞ்சளைத் தேய்த்தேன். கட்டைவிரல் மரத்துக்குள் இறங்கியது. மேலே வார்னிஷ் பளபளப்பு, உள்ளே வெறும் மண். என் விரலைச் சுற்றி வெள்ளைப் புழுவைப் போல செல்லு நெளிந்தது. கரையானை எங்கள் பக்கம் செல்லு என்றுதான் சொல்வோம். நான் போட்ட அலறலில் வீடே கூடிவிட்டது. கூட்டத்தில் ஒரு அத்தை, "பொண்ணு கை வெச்ச நேரம், நிலையே உளுத்துப் போச்சே" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பேச்சு என் மேல் ஒட்டிக்கொண்டது.

மாமனார் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. "பொண்ணு வந்து ஒரு மாசம் ஆகல. இது பல வருஷமாத் தின்னது. அவ விரலு பட்டதாலதான் வெளிய தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஆள் கூட்டி வந்தார். வீட்டைச் சுற்றிச் சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்து, கமாக்ஸின் என்ற பூச்சிமருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். மூக்கை அறுக்கும் நெடி. அதே மண்ணைக் கலந்து மூடினார்கள். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கருங்கல் வரிசை இருந்தது. அதன்மேல் இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கச் சுரண்டி, கல்லை வெறுங்கல்லாக விட்டார்கள். செல்லால் கல்லைத் தின்ன முடியாது, ஏறத்தான் முடியும். வெளிச்சம் படாமல் ஏற மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். கல் வெறுமையாக இருந்தால் அந்த மண்கோடு கண்ணில் படும், சுரண்டிவிடலாம். பூசி மூடிவிட்டால் பூச்சுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிலையை மாற்றினார்கள். அதன்பிறகு அவர் இருந்தவரை அந்தக் கல்லை ஒட்டி ஒரு விறகுக்கட்டை சாத்த விடமாட்டார்.

இப்போது அந்த மருந்து மண்தான் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

மூத்தாருடைய மூத்த பெண்ணுக்குத் துறையூர்ப் பக்கம் வரன் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் படிப்பு முடிய ஒரு வருஷம் பொறுத்துக் கல்யாணம். அதற்குள் வீட்டு முகப்பைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று மூத்தார் இறங்கிவிட்டார். தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டதால் மழைத்தண்ணீர் வாசலில் தேங்கியது உண்மைதான். அதற்காகச் சுவரோரப் பழைய மண்ணை எடுத்துவிட்டு, வாசலில் புது மண்ணைக் கொட்டி ரோட்டு மட்டத்துக்கு உயர்த்தினார்கள். கருங்கல் வரிசை பாதிக்குமேல் மண்ணுக்குள் போய்விட்டது. மிச்சத்தை சிமெண்டால் மேலிருந்து கீழ்வரை மூடிப் பூசினார்கள். ஜன்னலுக்கு மேல் காங்கிரீட் சன்ஷேட். அதன் கீழே குரோட்டன்ஸ் செடிக்கு ஒரு பாத்தி. சன்ஷேட் வார்த்துப் பிரித்த உடைந்த பலகைத் துண்டுகளையும் மூங்கில் குச்சிகளையும் ஆட்கள் அந்தப் பாத்திப் பள்ளத்திலேயே தள்ளி மண்ணைப் போட்டு மூடியதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். செல்லுக்கு இலை போட்டுப் பரிமாறியது போல இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உங்கப்பா பண்ணி வெச்சதெல்லாம் போச்சு."

"அவர் பாகம், அவர் இஷ்டம்."

"விட்டம் ஒண்ணுதானங்க?"

அவர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமலே, "நான் போய்ச் சொன்னா, எம் முகப்பு அழகாயிருக்கறது இவனுக்குப் பொறுக்கலன்னு சொல்வாரு. எனக்கு வேணாம்" என்றார்.

கொல்லைக் கிணறு இரு வீட்டுக்கும் பொது. மூத்தார் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆண்கள் பேசாவிட்டாலும் நாங்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வோம், குரலைத் தாழ்த்தி. மறுநாள் அவரிடம் சொன்னேன்.

"நானும் கேட்டேம்மா," என்றார் அக்கா. "சிமெண்டுல செல்லு எங்க ஏறும்னு கொத்தனாரு சொல்றாராம். இவரு அதைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் பேசினா எடுபடாது."

அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. முகப்பு பளிச்சென்று ஆயிற்று. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எங்கள் பாதி பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது. எனக்கே சில சமயம் நான் வீணாகப் பயந்தேனோ என்று தோன்றும். ஐப்பசி மழை வந்தது, போனது. தை பிறந்தது. கல்யாணம் வைகாசியில் என்று முகூர்த்தம் வைத்தார்கள். அக்கா மலைக்கோட்டைக் கடைவீதியில் எடுத்த பட்டுப் புடவைகளைக் கிணற்றடியிலேயே பிரித்துக் காட்டினார்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. விளக்கு வைக்கும் நேரம். மழை விட்டு புழுக்கம் எழும்பியது. நான் கூடத்தில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சோற்றில் ஒரு ஈசல் விழுந்தது. எடுத்துப் போட்டேன். இன்னொன்று விழுந்தது. மழைக்குப் பின்னால் ஈசல் வருவது புதிதில்லை. வெளியிலிருந்து விளக்குக்கு வரும். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாகச் சுவருக்கும் விட்டத்துக்கும் நடுவிலிருந்த அந்தச் சாண் இடைவெளியில், விட்டத்தின் உடம்பில் இருந்த ஒரு வெடிப்பிலிருந்து ஈசல் புகைபோல் கிளம்பிக்கொண்டிருந்தது. மரத்துக்கு உள்ளேயிருந்து. செல்லுக்குச் சிறகு முளைத்தால் அதுதான் ஈசல். அந்தப் பக்கம் அக்கா வீட்டில் யாரோ, "விளக்கை அணை, விளக்கை அணை" என்று கத்தினார்கள்.

விளக்கை உயர்த்திப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விட்டத்தின் அடிப்பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு, அவர்கள் பக்கத்திலிருந்து வந்து, சுவரைத் தாண்டி, எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து நின்றது.

காலையில் என் கணவர் பெஞ்சைப் போட்டு ஏறி, உலக்கையால் விட்டத்தைத் தட்டிப் பார்த்தார். எங்கள் சுவர் ஓரம் கணீரென்று இருந்தது. நடுவுக்கு வர வர சத்தம் மாறியது. பாகச் சுவர் ஓரத்தில் தட்டியபோது, காலி டப்பாவைத் தட்டியது போல இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. இறங்கி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் இருவருக்கும் ஒரே யோசனைதான் ஓடியது. கல்யாணத்துக்கு வாசலிலும் தெருவிலும் பந்தல். பந்தி மட்டும் அவர்கள் பக்கத்து மொட்டை மாடியில். மாடியில் பந்திப்பாய் விரித்து வரிசை வரிசையாக ஆட்கள் உட்காரப் போகிறார்கள். அத்தனை பேரையும் தாங்க வேண்டியது இந்த விட்டம். கீழே கூடத்தில் மணவறை.

"இப்பவாவது போங்க," என்றேன்.

"இப்பப் போனா? பந்தக்கால் நடறதுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, வீடு விழப்போவுதுன்னு போய் நிக்கவா? கல்யாணத்தைக் கெடுக்க வந்தான்னு ஊரே சொல்லும்." போகாமலும் அவரால் இருக்க முடியவில்லை. வாசல்வரை போவார், திரும்பி வருவார்.

நான் போனாலும் அதே பேச்சுதான், இன்னும் மோசமாக. விரல் பட்டு நிலை உளுத்தவள், இப்போது கண் பட்டு விட்டம் உளுத்தது என்பார்கள். அது தெரிந்தேதான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அக்கா வெற்றிலைத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் கல்லாயிற்று. "இதை இப்ப வந்து சொல்லணுமா நீ?" என்றார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு இதுதான் நீ கொண்டாந்த சீரா?" தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சொன்னது தப்போ என்று குமைந்துகொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்த நேரம். எங்கள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றார். பாகம் பிரித்தபின் அவர் எங்கள் நிலைப்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. "எங்க, காட்டு" என்றார்.

காட்டினேன். உலக்கையை வாங்கி அவரே பெஞ்சில் ஏறித் தட்டினார். இரண்டு தட்டுதான். இறங்கி, "கடப்பாரை இருக்கா உங்க வீட்ல?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, தன் வீட்டுப் புது முகப்புக்கு முன்னால் போய், குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் சிமெண்டுப் பூச்சின் அடியில் ஓங்கிக் குத்தினார். முதல் குத்தில் சும்மா சிராய்த்தது. இரண்டாவது குத்தில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பின்னால் கருங்கல் தெரியவில்லை. கல்லை மூடி ஈரமான செம்மண் படர்ந்திருந்தது, அதில் வழி வழியாக ஓட்டைகள். வெளிச்சம் பட்டதும் ஆயிரக்கணக்கில் செல்லு கொப்பளித்துக்கொண்டு ஓடியது. அக்கா குத்துவதை நிறுத்தவில்லை. பூச்சு பெயரப் பெயர அந்த மண்வழி வீட்டு மூலை திரும்பி, பக்கச் சுவரில் விட்டம் நுழையும் இடத்தை நோக்கி நேராக ஏறியது தெரிந்தது. தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மூத்தார் மண்டியிலிருந்து வந்து சேர்ந்தார். பெண்டாட்டி கையில் கடப்பாரை, பக்கத்தில் நான். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"யார் செஞ்ச வேலை இது?"

அதுவரை நான் அவர் எதிரில் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். அன்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மாமா, விட்டம் உள்ள ஒண்ணுமில்லாமப் போச்சு. நீங்களே உள்ள வந்து தட்டிப் பாருங்க. பாத்துட்டு என்னை என்ன வேணா பேசுங்க" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கடப்பாரையைத் தரையில் போட்டார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. இடிச்சது நான். இத்தனை சனத்தை மாடியில ஏத்தி எம் பொண்ணு தலையில எறக்கப் பாத்தீங்களே!"

மூத்தார் பெயர்ந்த இடத்தின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கட்டி மண்ணைப் பிய்த்தார். உள்ளங்கையில் ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று அப்பாவோடு நின்று அந்த மருந்தைக் குடத்தில் சுமந்து ஊற்றியவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து உள்ளே போனார்.

அன்றைக்கே ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தார். விட்டத்தை இப்போது கழற்ற முடியாது, கழற்றினால் கூரையே இறங்கும், முட்டுக் கொடுத்து ஓட்டுங்கள் என்றார் ஆசாரி. நாலு பனங்கால்களை வரவழைத்து அவர்கள் கூடத்தில் விட்டத்துக்கு அடியில் நிறுத்தி ஆப்பு இறுக்கினார்கள். கல்யாண வீட்டில் முட்டுக்கால் தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அக்காவும் நானும் அந்தக் கால்களில் வாழைத்தாரும் தென்னங்குருத்தும் மாவிலையும் வைத்துக் கட்டினோம். மணவறைக்கென்று போட்ட அலங்காரத் தூண் போலவே ஆகிவிட்டது. இடித்த முகப்பை மறைக்கக் கீற்றுத் தட்டி. பந்தி தெருப்பந்தலுக்கு மாறியது.

மிச்சமிருந்தது மாடி. யாரும் ஏறக்கூடாது. மாடிப்படி அவர்கள் பக்கம். கதவைப் பூட்டிச் சாவியை மூத்தார் அக்கா கையில் கொடுத்தார்; அக்கா அதைக் கிணற்றடி வழியாகக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தார். "உங்களை நம்பித்தான் குடுக்கறேன், தம்பி. அவரு வேட்டி மடிப்புல வெச்சுக்கிட்டு யாரு கேட்டாலும் குடுத்துடுவாரு."

கல்யாணத்தன்று தாலி ஏறும்வரை நான் மணப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போனபோது மேலேயிருந்து பொடிமண் சிந்தியது. மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் விழுந்தது. அக்கா அட்சதை போடுகிற சாக்கில் அதைத் தட்டிவிட்டார்.

சாப்பாடு முடிந்து, வெயிலும் புழுக்கமும். மாப்பிள்ளையின் பெரியப்பா பத்துப் பதினைந்து உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு, மாடியில் போய்க் காற்றாட உட்காரலாம் என்று கிளம்பினார். படிக்கதவின் முன்னால் என் கணவர் நின்றார்.

"மாடி பூட்டியிருக்குங்க."

"தெறங்களேன்."

"சாவியைக் காணோங்க."

வகுப்பில் பொய் சொல்கிற பையனை முட்டி போட வைக்கிற மனிதர். வேர்வை கொட்டியது. பெரியப்பா முகம் சிவந்துவிட்டது. "சம்பந்தி வீட்ல வந்து வாசப்படியில நிக்கறதா? மேல என்ன பூதமா இருக்கு? பூட்டை உடைங்கப்பா" என்று குரலை உயர்த்தினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் பெண்ணுக்குக் கெட்ட பேர். சொல்லாவிட்டால் பதினைந்து பேர் விட்டத்தின் மேல்.

மூத்தார் அவசரமாக வந்தார். இருவருக்கும் நடுவில் நின்றார்.

"எந் தம்பி வேணாங்கறான்னா அதுல காரணம் இருக்கும்," என்றார். "பெரியவங்க கோச்சுக்கக் கூடாது. வாங்க, காவேரிக் கரையில ஜிலுஜிலுன்னு இருக்கும். வண்டி கட்டச் சொல்றேன்."

பெரியப்பாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டே போய்விட்டார். என் கணவர் கதவில் சாய்ந்தபடி நின்றார். அண்ணன் வாயிலிருந்து 'எந் தம்பி' என்ற சொல்லை அவர் கேட்டு எத்தனை காலமாயிற்றோ. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் என்று நினைக்கும்படி துடைத்துக்கொண்டார்.

பெண் புகுந்த வீடு போனபின், அந்த விட்டத்தை இறக்கினார்கள். சுவருக்குள் இருந்த முனை கையோடு வரவில்லை; அங்கேயே பொடிந்து மண்ணாகக் கொட்டியது. ஆசாரி அதைக் காலால் தள்ளிவிட்டு, "சாமி காப்பாத்திச்சு" என்று மட்டும் சொன்னார்.

முகப்பு வேலை மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை இரு வீட்டுக்கும் சேர்த்து. வாசலில் கொட்டிய மண்ணைச் சுவரிலிருந்து விலக்கி வெட்டி, மழைத்தண்ணீர் ஓட நடுவில் ஒரு வாய்க்கால் விட்டார்கள். புதைத்திருந்த பலகைத் துண்டுகளைப் பொறுக்கி எரித்தார்கள். பள்ளம் எடுத்து மருந்து ஊற்றினார்கள். சிமெண்டுப் பூச்சைக் கருங்கல்லுக்கு மேலேயே நிறுத்தி, கீழே கல்லைத் திறந்து விட்டார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் போய், எட்டத்தில் நின்றது. சன்ஷேட் மட்டும் அப்படியே. அதனால் கெடுதல் இல்லை.

பள்ளத்தில் அண்ணனும் தம்பியும் இறங்கி நின்றதைப் பார்த்தேன். ஒருவர் குடத்தைச் சாய்க்க, மற்றவர் மண்ணைத் தள்ளினார். பிறகு, "அந்த மூலையில இன்னும் ஊத்தணும்" என்றார் ஒருவர். "ஊத்தியாச்சு" என்றார் மற்றவர். கொஞ்ச காலத்துக்கு அவர்கள் பேசிக்கொண்டது செல்லைப் பற்றி மட்டும்தான். பாகச் சுவரை இடிக்கவில்லை. நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

பல மாதம் கழித்து, கிணற்றடியில் ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன். "அன்னிக்கு என்னை நம்பி எப்படிக்கா கடப்பாரையை எடுத்தீங்க?"

அவர் வாளியை இழுத்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உன்னை எங்க நம்பினேன்? நீ பொறாமையில சொல்றேன்னுதான் நினைச்சேன். கதவைச் சாத்திட்டு உள்ள போய்ப் படுத்தேன். பொண்ணு மாடியில கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. அவ நடக்கற சத்தம் என் தலைக்கு மேல கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்குப் படுக்க முடியல."

வாளியைக் கவிழ்த்து என் குடத்தில் தண்ணீர் ஊற்றினார்.